ரகசிய ஆடியோ கைக்கு வந்தால்: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு கையேடு

ராத்திரி பதினோரு மணிக்கு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ வந்து விழுகிறது. 47 விநாடி. யாரோ தன் வீட்டுக்குள் உட்கார்ந்து யாரிடமோ பேசியது. அதில் தமிழர்களைக் குறித்து "கொங்கா" என்ற வசவு இருக்கலாம். நம்மவர் வாயிலிருந்தே "வடக்கன்", வடகிழக்கு மாநிலத்தவரைச் சொல்லும் "சிங்க்கி" என்று வந்திருக்கவும் செய்யலாம். விடிவதற்குள் அது பத்து குழுக்கள் தாண்டிவிடும். காலையில் பேசியவரின் ஃபிளாட் எண், வேலை செய்யும் கம்பெனி, பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் அதே குழுக்களில் சுற்றும்.

இந்தக் கையேடு மூன்று பேருக்கு. அந்த ஆடியோ கைக்கு வந்து சேர்ந்தவர் ஒருவர். தன்னை இழிவாகப் பேசியதைப் பதிவு செய்து வைத்திருப்பவர் இன்னொருவர். தன் குரலே வெளியே போய்விட்டவர் மூன்றாமவர்.

மூவரும் முதலில் மனதில் வாங்க வேண்டியது: பதிவு செய்வது ஒரு செயல், அதை ஆதாரமாகக் கொடுப்பது வேறு செயல், ஊருக்கெல்லாம் அனுப்புவது மூன்றாவது செயல். மூன்றுக்கும் விதி வேறு. பதிவு செய்ததில் தப்பில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பரப்பினாலும் தப்பில்லை என்று நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள்.

அமெரிக்க வழக்கை இங்கே ஒட்டாதீர்கள்

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஸ்டெர்லிங் விவகாரத்தை இழுப்பார்கள். 2014 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங், கறுப்பினத்தவரைத் தன் ஆட்டங்களுக்கு அழைத்து வராதே என்று தோழியிடம் தனியாகச் சொன்னது வெளியே வந்தது. சில நாட்களில், ஏப்ரல் 29 அன்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆணையர் ஆடம் சில்வர் அவருக்கு வாழ்நாள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். அணி 200 கோடி டாலருக்கு ஸ்டீவ் பால்மர் கைக்குப் போனது. இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஸ்டெர்லிங்கைத் தண்டித்தது நீதிமன்றம் இல்லை, அவரே கையெழுத்திட்டுச் சேர்ந்திருந்த லீக்கின் உள்விதி. அடுத்தது, கலிபோர்னியாவில் ரகசியமான உரையாடலைப் பதிவு செய்ய அதில் பேசும் எல்லோரின் சம்மதமும் வேண்டும்.

நம் நாட்டில் அப்படி எல்லோர் சம்மதமும் கேட்கும் தனிச்சட்டம் இல்லை. உரையாடலில் ஒருவராக இருந்து நீங்களே பதிவு செய்தால், அதை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்கக்கூடும். இதற்கு வேர் மும்பையில் இருக்கிறது. லஞ்சம் கேட்ட கொரோனரிடம் (சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) ஒரு டாக்டர் போனில் பேச, அந்த டாக்டரின் சம்மதத்தோடு போலீசார் பதிவு செய்தார்கள். அது செல்லும் என்று ஆர்.எம். மல்கானி வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகும் இந்த வழி அடைபடவில்லை. கணவன் மனைவி பேச்சைத் தெரியாமல் பதிவு செய்ததைக்கூட விவாகரத்து வழக்கில் ஆதாரமாகப் பார்க்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று விபோர் கார்க் வழக்கில் தீர்ப்பு வந்தது.

ஆனால் நீங்கள் இல்லாத உரையாடலைப் பிடிப்பது முற்றிலும் வேறு. அடுத்தவர் போனில் வேவு செயலி ஏற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் வரும். 3 ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். அழைப்பை இடைமறித்துக் கேட்டால் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. அதில் அபராத உச்சவரம்பு 2 கோடி ரூபாய். ஃபிளாட் சொந்தமாக இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர் அறையில் போனை ஒளித்து வைக்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் கிடையாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதில் பிடித்துவிடலாம் என்பது. தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாளுவதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பதிவு செய்து போனில் வைத்திருப்பதற்கு அதைக் காட்டிப் பயனில்லை.

கிளிப் வந்த முதல் அரைமணி

அனுப்பாதீர்கள். "என்ன அநியாயம் பாருங்க" என்று கண்டித்து அனுப்பினாலும் பரப்பினதுதான். கூடவே நீங்கள் எழுதியது அடுத்த குழுவில் வெட்டப்பட்டுவிடும், ஆடியோ மட்டும் போகும். பேசியவருக்கு ஒரே ஒருவர் காதில் சொன்ன பேச்சு என்ற வாதம் இருக்கும். இரு சமூகத்துக்கு இடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) 196ஆம் பிரிவுக்கு அப்படிப் பகை மூட்டும் எண்ணம் வேண்டும். தனி அறைப் பேச்சில் அதை நிரூபிப்பது கடினம். அதே பேச்சை எரிச்சலூட்டும் தலைப்போடு 300 பேருக்கு அனுப்பியவரிடம் எண்ணத்தைத் தேடுவது போலீசுக்கு அவ்வளவு கடினமாக இருக்காது.

பெங்களூரில் இதை வெறும் சட்டப் பயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 ஆகஸ்டில் எஸ்எம்எஸ் வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயில் ஏறி குவஹாத்திக்குப் போனார்கள். மத்திய அரசு ஒரு நாளைக்கு 5 எஸ்எம்எஸ்தான் என்று கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்துக்கு முன், ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக ஒரு தமிழ் இளைஞரைப் பிடித்து அடிக்கும் வீடியோ இரு மாநிலத்திலும் சுற்றியது. இரண்டொரு நாளில் இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன, அங்கே கர்நாடகக்காரர்களின் கடைகளைத் தாக்கினார்கள்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். குழுவில் ஆடியோ வந்த இடத்தை, அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தச் செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது, உங்களுக்கு அனுப்பியவர் மூலம் இல்லை. அனுப்பியவரைத் தனியாகக் கேளுங்கள்: "இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க, எப்போ?" பதிலையும் வைத்துக்கொள்ளுங்கள். குழு அட்மினைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். அட்மினால் யார் போட்டதையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும். போட்டவரே நீக்குவதற்கு வாட்ஸ்அப் இரண்டு நாளும் சில மணி நேரமும்தான் தருகிறது. ஏற்கெனவே டவுன்லோட் செய்தவர் போனில் கோப்பு கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போனில் கோப்பின் பெயரில் ஒரு தேதி தெரியும். அது உங்கள் போனுக்கு வந்த தேதி. பேசிய தேதி என்று நினைத்து "நேத்துதான் பேசியிருக்கான்" என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து வருடம் முந்தைய பேச்சு இன்று காலை தேதியில் வந்து நிற்கும்.

அட்மினுக்கு ஒரு வார்த்தை. குழுவில் யாரோ போட்டதற்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று பம்பாய், கேரளா, சென்னை உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்தத் தைரியத்தில் மூன்று நாள் கிளிப்பை அப்படியே விட்டுவைத்து, கீழே சிரிப்புப் படமும் போட்டால் நீங்கள் வெறும் அட்மின் இல்லை.

குரல் நிஜமா?

குரலைக் காப்பியடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குச் சில விநாடி மாதிரி போதும். காதால் கேட்டு "இது அவன்தான்" என்று சத்தியம் செய்யும் காலம் போய்விட்டது. வீட்டில் ஓரளவு சோதிக்கலாம். ஹெட்போன் மாட்டி, பேச்சை விட்டுவிட்டுப் பின்னணியைக் கேளுங்கள். மின்விசிறி இரைச்சல், குக்கர் விசில், தெருவில் ஆட்டோ. ஒரு வாக்கியத்துக்கு நடுவே பின்னணி திடீரென்று மாறினால் அங்கே வெட்டியிருக்கிறார்கள். மூச்சு இழுக்கும் சத்தம் எங்குமே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். எதிராளியின் கேள்வியை நீக்கி, பதிலை மட்டும் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல கிளிப்புகளில் மோசடி இந்த வகைதான். குரல் அசல், வார்த்தை அசல், எதற்குப் பதில் என்பது மட்டும் காணோம்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் வெட்டிய இடம் செங்குத்துக் கோடாகத் தெரிவது உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவில் சுருக்கம் இதையெல்லாம் மழுங்கடித்திருக்கலாம். வீட்டுச் சோதனையில் போலி என்று சந்தேகிக்கலாம், அசல் என்று நிரூபிக்க முடியாது. அது தடய அறிவியல் ஆய்வகத்தின் வேலை. இங்கே அது மடிவாளாவில் இருக்கிறது. நாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் இல்லை. போலீசோ நீதிமன்றமோ அனுப்பும். ஒப்பிடக் குரல் மாதிரி கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று 2019இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் தீர்ப்பானது. இப்போது அது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

உங்களிடம் பதிவு இருந்தால்: கெடாமல் வைப்பது

வீட்டுக்காரர் வாடகை பேசும்போது இழிவாகச் சொன்னார், மேலாளர் போனில் இனத்தைச் சொல்லித் திட்டினார், நீங்கள் பதிவு செய்தீர்கள். இப்போது கோபத்தில் செய்யும் முதல் காரியம் அந்த நல்ல பகுதியை மட்டும் வெட்டி நண்பருக்கு அனுப்புவது. வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும். வெட்டிய பகுதிக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். முழுக் கோப்பு இல்லையென்றால் பதில் இல்லை.

போனில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பெயர் மாற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், இரைச்சல் நீக்கும் செயலிக்குள் போட வேண்டாம். அழைப்புப் பதிவு செயலியில் பழையதைத் தானாக அழிக்கும் அமைப்பு இருந்தால் உடனே அணையுங்கள். யுஎஸ்பி கேபிள் போட்டுக் கணினிக்கு நகல் எடுங்கள். அதிலிருந்து இரண்டு புதிய பென்டிரைவ்களில் போடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வக்கீலிடமோ நம்பகமான உறவினரிடமோ. கேபிள் இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் "டாக்குமென்ட்" என்ற வழியில் அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு சுருங்காமல் போகும்.

அடுத்தது ஹேஷ். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் certutil -hashfile என்று அடித்து, அடுத்து கோப்பின் பெயரும் SHA256 என்பதும் கொடுத்தால் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். மூன்று நகலிலும் அதே வரி வர வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது. உள்ளே ஒரு துளி மாறினாலும் முழு வரியும் மாறிவிடும். அந்த வரியைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இது ஏன் இவ்வளவு அவசியம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு நகலோடு கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் எழுதியே ஆக வேண்டும். சான்றிதழ் இரண்டு பகுதி. முதல் பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும்: கருவியின் கம்பெனி, மாடல், நிறம், சீரியல் எண், ஐஎம்இஐ எண், ஹேஷ். ஐஎம்இஐ தெரிய *#06# அழுத்தினால் போதும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திடுவார். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொன்னது இதன் அண்ணன். சான்றிதழ் இல்லாமல் நகல் செல்லாது என்று 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொடுத்து, அதன் சொந்தக்காரர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகையால் போனைப் பத்திரமாக வையுங்கள். தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போனைக் கொடுத்துவிட்டு வக்கீலிடம் போய் நிற்பவர்கள் உண்டு. ரிப்பேர் கடைக்குக் கொடுத்தாலும் ஃபேக்டரி ரீசெட் பண்ண விடாதீர்கள்.

எழுத்தில் எடுப்பதும் மொழிபெயர்ப்பதும்

பெங்களூரில் வழக்கு கெடும் இடம் பெரும்பாலும் இதுதான், யாரும் கவனிப்பதில்லை. பேச்சு தமிழில், ஸ்டேஷனில் எழுதுவது கன்னடத்தில், வக்கீல் படிப்பது ஆங்கிலத்தில்.

தாளில் நான்கு பத்தி போடுங்கள்: நிமிடம்-விநாடி, பேசுபவர், அவர் சொன்ன சொல் சொன்னபடியே தமிழ் எழுத்தில், பிறகு பொருள். புரியாத இடத்தில் "கேட்கவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். எதிராளி பேசியதை மட்டுமில்லாமல் உங்கள் பேச்சையும் ஒரு "ம்" விடாமல் எழுத வேண்டும்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இரண்டு பக்கமும் ஏமாற்றும். அம்மா பிள்ளையிடம் சொல்லும் "கொன்னுடுவேன்" கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அப்படியே போனால் கொலை மிரட்டல். சிநேகிதனைச் சொல்லும் "டா"வும் வாட்ச்மேனைச் சொல்லும் "டா"வும் ஒன்றில்லை, ஆனால் மொழிபெயர்ப்பில் இரண்டுமே காணாமல் போகும். மறுபுறம் "வடக்கன்" என்பதை அகராதிப்படி "வடநாட்டவர்" என்று எழுதினால் அதன் நஞ்சு முழுக்க மறைந்துவிடும். "கொங்கா"வும் அப்படித்தான், கொங்கு என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், இந்த ஊரில் அது வசவு. ஆகவே பொருள் பத்தியில் நேர்ப்பொருளும் இங்கே என்ன தொனியில் புழங்குகிறது என்பதும் இரண்டும் வேண்டும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளர்ந்து, இரண்டு மொழியும் வீட்டு மொழி போலத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். வழக்கில் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும்.

எங்கே போவது

முதலில் ஒரு கசப்பான உண்மை. இழிவான பேச்சு எல்லாம் குற்றம் ஆகாது. "தமிழருக்கு வீடு இல்லை" என்று வீட்டுக்காரர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, ஹோட்டல், பொதுக் கேளிக்கை இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து எஃப்ஐஆர் எதிர்பார்க்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டு மறுத்தாரா, மிரட்டினாரா, கைநீட்டினாரா என்று பாருங்கள், பிடி அங்கே கிடைக்கும்.

நேருக்கு நேர், சண்டைக்குத் தூண்டும் விதமாக வேண்டுமென்றே அவமதித்தால் பிஎன்எஸ் 352. இது போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றமில்லை. என்சிஆர் என்று ஒரு ரசீது கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், நடைமுறையே அதுதான். 196 என்றால் எஃப்ஐஆர் உண்டு, ஆனால் நீதிமன்றம் வழக்கை எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும்.

சாதியைச் சொல்லி இழிவு செய்தால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) ஆர், எஸ் உட்பிரிவுகள் வரும். இவற்றுக்குப் பொதுமக்கள் பார்வையில் படும் இடம் என்ற நிபந்தனை உண்டு. வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் சேராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் தீர்ப்பு வந்தது. எனவே புகாரின் முதல் பத்தியிலேயே எங்கே, யார் யார் முன்னிலையில் சொன்னார் என்று எழுதுங்கள். சாட்சிகள் இருந்த இடத்தை விட்டுவிட்டு ஆடியோவை மட்டும் நம்பி எழுதிய புகார்தான் இந்தச் சட்டத்தில் சுலபமாக விழும். எஃப்ஐஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவர், பெங்களூர் நகரில் ஏசிபி.

தேதியையும் பாருங்கள். 2024 ஜூலை 1க்கு முன் பேசியது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் பொருந்தும், 196க்குப் பதில் 153ஏ. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு நீதிமன்றம் வழக்கை எடுக்க மூன்று ஆண்டுதான் காலவரம்பு. 2019 பேச்சு இன்று வெளியானால், பேசியதற்கு காலம் கடந்திருக்கலாம், இன்று பரப்பியதற்குக் கடக்கவில்லை.

பரப்பியதைப் பற்றிய புகாருக்குப் பகுதி சைபர் ஸ்டேஷன், இங்கே சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றப் பிரிவு) ஸ்டேஷன் என்பார்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். மிரட்டிப் பணம் பறித்துவிட்டார்கள் என்றால் 1930க்கு உடனே அழையுங்கள். புகாரை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்குங்கள். முதல் நாளே போனையும் பென்டிரைவையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். எது கொடுத்தாலும் என்ன பொருள், என்ன சீரியல் எண் என்று எழுதி வாங்குங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் டிசிபிக்குத் தபாலில் அனுப்பி, அதன் பிறகு மாஜிஸ்திரேட்.

ஆபீஸ் விவகாரம் என்றால் போலீசுக்கு முன் எச்ஆர். ஸ்டெர்லிங்கைப் போல உள்விதிதான் இங்கே வேகமாக வேலை செய்யும். ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ரகசியக் காப்பு விதியைப் படித்துவிட்டுப் போங்கள். மீட்டிங்கைப் பதிவு செய்யக் கூடாது என்று இருந்தால், திட்டியவருக்கு எச்சரிக்கையும் பதிவு செய்தவருக்கு வேலை நீக்கமும் நடந்துவிடும். அப்படி இருந்தால் பதிவைச் சொல்லாமல், நடந்ததைத் தேதி, நேரம், சாட்சியோடு எழுதிக் கொடுங்கள். அபார்ட்மென்ட் சங்கம் கண்டிக்கலாம், பொறுப்பிலிருந்து நீக்கலாம். தண்ணீரை நிறுத்துவது, லிஃப்ட் கார்டை முடக்குவது அதன் வேலை இல்லை.

வெளியே போனது உங்கள் குரல் என்றால்

போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். ஆதாரமாகக் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பிஎன்எஸ் 241இல் தனிக் குற்றம். பேச்சுக்குக் கிடைக்காத தண்டனை அழித்ததற்குக் கிடைக்கலாம். உங்கள் குரல்தான் என்றால் "இது ஏஐ" என்று சொல்லிவிடாதீர்கள். குரல் மாதிரி ஒத்துப்போன அன்று மன்னிப்புக்கும் மதிப்பு இருக்காது.

இரண்டு தனித் தாள். ஒன்றில் மன்னிப்பு, இன்னொன்றில் புகார். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் "பேசியது தப்புதான், ஆனா பதிவு பண்ணினது அதைவிடத் தப்பு" என்று ஆகிவிடும், கேட்பவர் காதில் இரண்டாம் பாதி மட்டும் விழும். உங்கள் அந்தரங்கம் மீறப்பட்டது நிஜம்தான். அதைச் சொல்ல இன்னொரு இடம் இருக்கிறது.

மன்னிப்பு நான்கைந்து வரி போதும். யாரைச் சொன்னீர்களோ அவர்கள் மொழியில் எழுதுங்கள். கன்னடர்களைச் சொல்லியிருந்தால் கன்னடத்தில், அதுவும் மென்பொருள் மொழிபெயர்ப்பாக இல்லாமல். சொன்ன சொல்லை ஒப்புக்கொள்ளுங்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்ற வால் வேண்டாம். எனக்குக் கன்னட நண்பர்கள் நிறைய என்ற பட்டியலும் வேண்டாம். வழக்கு வரும் என்று தோன்றினால் அனுப்புமுன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள், அந்த மன்னிப்பே உங்களுக்கு எதிரான ஒப்புதலாக நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம். வக்கீல் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார். சொன்ன சொல்லுக்கு வருந்துகிற ஒரு வரியையாவது விட்டுவைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

புகார்த் தாளில் மூன்று விஷயம்: எந்த உரையாடல், அதில் யார் யார் இருந்தார்கள், எப்போது முதலில் வெளியானது. எந்தெந்த இணைப்பில் இருக்கிறது என்று முகவரியோடு பட்டியல். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அதை அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். யார் யார் பரப்புகிறார்கள் என்றே தெரியாவிட்டாலும் சிட்டி சிவில் கோர்ட்டில் தடை கேட்கலாம். பெயர் தெரியாத எதிர்த்தரப்புக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்து வாங்கும் இதை வெளிநாட்டில் ஜான் டோ உத்தரவு என்பார்கள், அதற்கு நம் வக்கீல்கள் அசோக்குமார் உத்தரவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாவம், எத்தனை அசோக்குமார்கள்! நீங்கள் பொதுப் பதவியில் இருப்பவர், பேச்சும் அந்தப் பதவியைப் பற்றியது என்றால் இந்தத் தடை கிடைப்பது கடினம். 1994இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை விவகாரத்தில், ராஜகோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது.

வீட்டு முகவரி, மனைவி பெயர், பிள்ளையின் பள்ளி இவற்றைப் போட்ட பதிவுகளைத் தனியாகப் பிரித்து முதலில் அவற்றை நீக்கக் கேளுங்கள். ஆடியோவை நீக்கத் தயங்கும் தளங்கள்கூட இவற்றைச் சீக்கிரம் எடுத்துவிடும். யாராவது "எடுத்துடறேன், இவ்வளவு குடு" என்றால் கொடுக்காதீர்கள். அது பிஎன்எஸ் 308, பணம் பறிப்பு. அந்தச் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள். வாசலில் கூட்டம் வந்தால் கதவைத் திறந்து விளக்கம் சொல்லப் போகாதீர்கள், 112க்கு அழையுங்கள்.

அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம். குற்றவியல் புகாருக்கு மூன்று வருடம். எந்தப் பக்கம் நீங்கள் நின்றாலும் அந்த மூன்று வருடமும் கோப்பு, நோட்டு, போன் மூன்றும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பென்டிரைவைக் கணினியில் செருகி, ஹேஷ் எடுத்து, நோட்டில் உள்ள வரியோடு ஒத்துப் பாருங்கள். இடம் மிச்சம் இருக்கிறதே என்று அதில் பையன் பிறந்தநாள் வீடியோவை ஏற்றாதீர்கள்.